மணமகளாகத் தங்களைச் சொல்லிக்கொண்ட துறவிகள்: குயர் வாசிப்பு எங்கே நிற்கும், எங்கே சறுக்கும்?

கேள்வி: கார்முகில்

வணக்கம். கிறிஸ்தவ மறைஞானிகளின் (கடவுளோடு நேரடி ஒன்றிப்பைத் தேடியவர்களின்) இறைக்காதல் எழுத்துகளைக் குயர் இறையியலோடு (பால், பாலீர்ப்பு பற்றிய வழக்கமான வரையறைகளைக் கேள்வி கேட்கும் இறையியலோடு) சேர்த்துப் படிக்க ஆறு அமர்வுகள் கொண்ட வாசிப்பு வட்டம் ஒன்றைத் திட்டமிடுகிறேன். ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம். வருகிறவர்களில் பாதிப் பேர் இறையியல் மாணவர்கள், மீதிப் பேர் சபைக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற பால்புதுமையர் (குயர் மக்கள்).

12-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மடாதிபதி கிளேர்வோ பெர்னார்து, வேதாகமத்தின் காதல் பாடலான உன்னதப்பாட்டின் மேல் நிகழ்த்திய மறையுரைகளில் தொடங்கலாம் என்று எண்ணம். ஆனால் மொத்தம் 86 இருக்கின்றன. எவற்றை எடுப்பது? இரண்டாவது, ஓர் ஆண் துறவி தன்னை மணமகள் என்கிறார், மணமகன் கிறிஸ்து. இதை நேரே ‘ஆணுக்கு ஆண் மேல் காதல்’ என்று சொல்லிவிடலாமா? மூன்றாவது, ‘அதெல்லாம் வெறும் உருவகம்’ என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அவருக்குப் பிரதியிலிருந்தே பதில் சொல்ல முடியுமா?

பதில்: ஏழாம்மணி

ஆறு மறையுரைகள் போதும்: 3, 7, 8, 9, 26, 83. முதல் அமர்வுக்கு 3, 7, 8. இரண்டாவதற்கு 9, 26, 83. ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். வீட்டில் படித்துவிட்டு வரச் சொன்னாலும், அமர்வில் ஒரு பகுதியையாவது உரக்க வாசியுங்கள். செவிக்காக இழைத்த நடை அது.

பின்னணியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பெர்னார்து 1135-இல் தொடங்குகிறார், 1153-இல் இறக்கிறார். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் எட்டியது மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனம் வரைதான். இரவில் படுக்கையில் நேசரைத் தேடும் வசனம் அது. கேட்பவர்கள் சிஸ்டர்சியன் என்ற துறவற சபையின் துறவிகள். பழைய மடங்களைப் போல இந்தச் சபை சிறுவர்களைக் காணிக்கையாக ஏற்கவில்லை. வயது வந்த பிறகு வந்தவர்கள்தான் இருந்தார்கள். பலருக்கு மடத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருந்தது, காதல் பாட்டும் தெரியும். இதைச் சொல்லாமல் விட்டால், உலகமே அறியாத பிள்ளைகளிடம் பேசியதாக நினைத்துப் படிப்பார்கள்.

3-ஆம் மறையுரையில் மூன்று முத்தங்கள் வருகின்றன. பாதத்தில் முத்தம் மனந்திரும்புகிறவருக்கு, கையில் முத்தம் எழுந்து நடக்கத் தொடங்கியவருக்கு, வாயில் முத்தம் வெகு சிலருக்கு, அதுவும் அரிதாக. இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்கக்கூடாது என்று பெர்னார்து கண்டிப்பாகச் சொல்கிறார். 7-இல், கேட்பவர் யார் யார் என்று பிரிக்கிறார். அடிமைக்குப் பயம், கூலியாளுக்குக் கூலி, மாணவனுக்குப் பாடம், மகனுக்கு மரியாதை. முத்தத்தைக் கேட்கிறவர் காதலர் மட்டுமே.

இனி 8. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தந்தை முத்தமிடுகிறார், மகன் முத்தமிடப்படுகிறார், அந்த முத்தமே தூய ஆவி என்கிறார் பெர்னார்து. மணமகள் கேட்பதோ நேரே அந்த வாயை அல்ல, வாயின் முத்தத்தை. அதாவது தந்தைக்கும் மகனுக்கும் நடுவே ஏற்கனவே இருக்கிற காதலுக்குள் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறாள். மனித ஆசை எங்கோ ஆரம்பித்துக் கடவுளை நோக்கிப் போவதாக அவர் எழுதவில்லை. கடவுளுக்குள் இருக்கிற முத்தம் வெளியே கசிந்து வருவதாக எழுதுகிறார். ‘துறவி ஆண், கிறிஸ்து ஆண்’ என்ற கணக்கோடு நிறுத்தினால் இந்த ஆழம் கைநழுவிப் போகும். யார், யாரிடம், எந்தக் குரலில் பேசுகிறார் என்று மட்டும் வரிக்கு வரி குறித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். மறையுரைகள் நகர நகரத் துறவி மணமகளாகவும், மணமகளின் தோழியாகவும், பால் கொடுக்கும் தாயாகவும் மாறிவிடுவார். குயர் வாசிப்புக்கு வலுவான ஆதாரம் அந்த நகர்வு.

9-ஆம் மறையுரையில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தமிழ் வேதாகமத்தில் உன்னதப்பாட்டு 1:2, ‘உமது நேசம் திராட்சரசத்தைப்பார்க்கிலும் இன்பமானது’ என்று இருக்கும். பெர்னார்து வைத்திருந்த, வுல்காத்தா என்ற லத்தீன் வேதாகமத்தில் ‘நேசம்’ இருக்குமிடத்தில் ‘உமது மார்பகங்கள்’ என்று இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பெயர்ப்பும் அப்படியே. எபிரேய மெய்யெழுத்துகளை இருவிதமாகவும் படிக்க இடமிருப்பதால் வந்த வேறுபாடு. ஆக பெர்னார்துக்கு முன்னால் இருந்த வசனத்தில் மணமகனுக்கு மார்பகங்கள் இருக்கின்றன. அவர் திகைக்கவில்லை. ஒன்று பொறுமை, மற்றொன்று மன்னிக்கும் தயவு என்று விளக்கிக்கொண்டே போகிறார். தமிழ் வேதாகமத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே புரியாது. வுல்காத்தாவில் முதல் அதிகாரத்து வசன எண்ணும் ஒன்று குறைவாக வரும். நம்முடைய 1:2 அங்கே 1:1.

26-ஐ விட்டுவிடாதீர்கள். கேதாரின் கூடாரங்களைப் பற்றிய வசனத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்கி நடுவில் உடைந்துபோகிறார். கூடப்பிறந்தவரும் அதே மடத்தின் பண்டகப் பொறுப்பாளருமான ஜெரார்டு 1138-இல் இறந்துவிட்டார். அடக்கத்தின்போது கண்ணீரை அடக்கிக்கொண்டு நின்றவர் மறையுரையில் அழுகிறார். லாசருவின் கல்லறையில் இயேசு அழுததைக் காட்டி, அழுவது அவிசுவாசமல்ல என்கிறார். இது உடன்பிறந்தார் பாசம். குயர் என்று பெயர் சூட்ட வேண்டாம். ஆனால் இறைக்காதலைப் பற்றிய நூலின் நடுவே, கையால் தொட்டுப் பழகிய ஒரு மனிதர் மேல் இருந்த அன்புக்கு இவ்வளவு இடம் இருக்கிறது. ‘வெறும் உருவகம்’ என்பவருக்கு என் முதல் பதில் இந்த மறையுரை. இரண்டாவது பதில் 83: காதலிப்பதால் காதலிக்கிறேன், காதலிப்பதற்காகவே காதலிக்கிறேன் என்கிற இடம்.

பதில்: தறிநெய்வோர்

ஏழாம்மணி சொன்ன வாசிப்பு முறை சரியானது. ஆனால் பெர்னார்தோடு இரண்டு அமர்வுகள் கழிந்தால் வட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மடாதிபதி மணமகளாவதில் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்க வேண்டும்.

இடைக்கால வரலாற்று ஆய்வாளர் கரோலின் வாக்கர் பைனம் 1982-இல் இதைத்தான் கேட்டார். சிஸ்டர்சியன் எழுத்தாளர்கள் தங்களையும் இயேசுவையும் தாய் என்று அழைத்ததற்குக் காரணம், அதிகாரம் செலுத்த வேண்டிய மடாதிபதிகளுக்கு இருந்த தயக்கம். ஆட்சியோடு இரக்கத்தையும் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. அதனால் பெண்கள் மேல் அவர்களுக்கு மதிப்புக் கூடியது என்று ஆகாது என்பது அவர் வாதம். ‘பெண்’ என்றால் மென்மை, பணிவு, ஏற்பது என்ற பழைய பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு ஆண் அதற்குள் போய் உட்காருகிறார். கடவுள் மேலே, மணமகள் கீழே என்ற படிநிலை அசையவில்லை. எனவே பால் மாறுகிற இடத்தைப் பார்த்தவுடன் ‘விடுதலை’ என்று எழுதிவிடாதீர்கள். மாறிய பிறகு அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

காலத்தையும் பக்கத்தில் வையுங்கள். பெர்னார்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, 1049 வாக்கில், பீட்டர் டேமியன் ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் கண்டித்து ஒரு நூலை எழுதித் திருத்தந்தை ஒன்பதாம் லியோவுக்கு அனுப்பிவிட்டார். பெர்னார்து இறந்து 26 ஆண்டுகளில், 1179-இல், மூன்றாம் லாத்தரன் சங்கம் அதைச் சட்டமாக்கியது: குருவானால் பதவி பறிப்பு அல்லது மடத்தில் தவம், பொதுநிலையினரானால் சபை நீக்கம். கிறிஸ்துவின் முத்தத்தைக் கேட்ட சபையும் இந்தச் சட்டத்தை எழுதிய சபையும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே அமர்வில் மேசைமேல் வைக்காவிட்டால், இடைக்காலத் திருச்சபை ஏதோ திறந்த மனத்தோடு இருந்தது என்ற தவறான ஆறுதலோடு மக்கள் வீட்டுக்குப் போவார்கள். பால்புதுமையர் வருகிற கூட்டத்தில் அப்படிச் செய்வது அவர்களுக்கு நியாயமல்ல.

மூன்றாவது அமர்வை ஹாடவெய்க்குக் கொடுங்கள். 13-ஆம் நூற்றாண்டு, பிரபந்து நாடு (இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதி), பெகீன் என்று அழைக்கப்பட்ட பெண்களில் ஒருவர். திருமணமும் மடத்து வாக்குறுதியும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்து செபித்த பெண்கள் பெகீன்கள். அவருடைய 45 பாடல்கள், 14 காட்சிகள், 31 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. பாடல்களில் அவர் மணமகளே அல்ல. கடவுளின் காதலை ‘மின்னெ’ என்ற சீமாட்டியாக வைத்து, அவளைத் தேடிக் குதிரையேறிப் போகும் வீரனாகத் தன்னை நிறுத்துகிறார். அடிபடுகிறான், அலைகிறான், அவள் இரங்க மறுக்கிறாள், அவன் திரும்பிப் போக மறுக்கிறான். பெண் கவி, ஆண் குரல், பெண்ணாக வரும் கடவுள்.

பிறகு ஏழாம் காட்சியைத் திறந்தால் எல்லாம் தலைகீழ். பெந்தகோஸ்து நாள் விடியல், கோயிலில் காலைச் செபம். ஆசையின் வேகத்தில் உடம்பின் ஒவ்வொரு நரம்பும் நடுங்குகிறது. பீடத்திலிருந்து கழுகு ஒன்று பறந்து வந்து பேசுகிறது. கிறிஸ்து முதலில் மூன்று வயதுக் குழந்தையாக வருகிறார், அடுத்து வளர்ந்த ஆணாக வந்து நற்கருணையைத் தருகிறார், அதன் பிறகு தழுவிக்கொள்கிறார். சிறிது நேரத்தில் அந்த உருவமும் கரைந்து, இருவர் என்று பிரித்தறிய முடியாத நிலை வருகிறது. பாடல்களிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு இந்தக் காட்சியோடு ஒரே நாளில் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் அவரை ‘பெண்ணை நேசித்த பெண்’ என்றோ ‘வழக்கமான மணமகள்’ என்றோ ஒரு பெட்டியில் அடைத்துவிடுவீர்கள். ஆய்வாளர் ஏமி ஹாலிவுட் பெகீன்களைப் பற்றி எழுதியதன் மையமும் இதுதான்: இந்தக் காதலில் எந்தப் பால் நிலையும் கடைசிவரை நிலைப்பதில்லை.

ஒரு படமும் காட்டலாம். நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் லக்சம்பர்க் போன் சீமாட்டியின் செபநூல் இருக்கிறது, 1349-க்கு முந்தையது. அதில் இயேசுவின் விலாக் காயம் மட்டும் தனியே, பாதாம் வடிவில், செங்குத்தாக நிற்கிறது. சுற்றிலும் பாடுகளின் கருவிகள். உடலிலிருந்து பிரித்துச் செங்குத்தாக நிறுத்தியதால் அது பெண்ணின் பிறப்புறுப்பை ஒத்திருக்கிறது என்று கார்மா லாக்ரி போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். பைனம் அதைத் தாய்ப்பாலும் உணவும் பிறப்புமாகப் படித்தார், காமமாக அல்ல. படத்தை முதலில் விளக்கமில்லாமல் இரண்டு நிமிடம் பார்க்க விடுங்கள், பிறகு இரண்டு வாதங்களையும் சொல்லுங்கள். முன்பே சொல்லிவிட்டால் ஒருவர்கூடத் தன் கண்ணால் பார்க்கமாட்டார்.

பதில்: அத்திமரம்

மேலே இருவரும் மேற்கத்திய லத்தீன் உலகத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். ‘உருவகம்தான்’ என்பவருக்கு இதைவிடக் கனமான பதில் கிரேக்கப் பிதாக்களிடம் இருக்கிறது. எதிர்ப்பவரின் கருத்து பெரும்பாலும் இப்படி வரும்: ஈரோஸ் மனித ஆசை, அகாபே தெய்வீக அன்பு, இரண்டையும் கலக்கக்கூடாது. இந்தப் பிரிவினையைக் கூர்மையாக்கியவர் ஆன்டர்ஸ் நிக்ரென் என்ற ஸ்வீடன் லூத்தரன் இறையியலாளர், 1930-களில். தொடக்கத் திருச்சபை அப்படிப் பேசவில்லை.

மூன்றாம் நூற்றாண்டின் ஓரிஜன் தன் உன்னதப்பாட்டு உரையின் முன்னுரையிலேயே, யோவான் கடவுளை அகாபே என்றது போல அவரை ஈரோஸ் என்று சொன்னாலும் குற்றமில்லை என்கிறார். அதே முன்னுரையில், முதிர்ச்சி வராதவர் இந்த நூலைத் தொடக்கூடாது என்றும் எச்சரிக்கிறார். இரண்டும் ஒரே மூச்சில் வருவதைக் கவனியுங்கள். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தேதான் அந்தச் சொல்லைக் கடவுளுக்குக் கொடுக்கிறார். நான்காம் நூற்றாண்டு ஆயர் நீசா கிரகோரி உன்னதப்பாட்டின் மேல் நிகழ்த்திய தன் 15 மறையுரைகளில் 13-ஆவதில், தீவிரமான அகாபேக்குப் பெயர்தான் ஈரோஸ் என்கிறார். 7-ஆவதில், தாய் சூட்டிய கிரீடம் என்ற 3:11-ஐ விளக்கும்போது, கடவுளைத் தாய் என்றாலும் தந்தை என்றாலும் பொருள் ஒன்றே, அவரில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். தியோனிசியுஸ் என்ற பெயரில் எழுதியவர் ‘தெய்வீகப் பெயர்கள்’ நூலின் 4-ஆம் அதிகாரத்தில் இன்னும் மேலே போகிறார்: கடவுளே ஆசையால் தன்னைவிட்டு வெளியே வந்து படைப்பைத் தேடுகிறார். கத்தோலிக்கர் தயங்கினால், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 டிசம்பர் 25-இல் கையெழுத்திட்ட சுற்றுமடலின் 9-ஆம் பத்தியைக் காட்டுங்கள். கடவுளின் அன்பை ஈரோஸ் என்று அழைக்கலாம், அது முழுக்க அகாபேயும்தான் என்று அங்கே இருக்கிறது. அந்தச் சுற்றுமடல் ஒருபால் உறவை ஆதரிக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நிமிடம் ஒருவர் எழுந்து சொல்வார்.

ஏன் இது முக்கியம்? ஆசை மனிதனிடம் மட்டுமே இருந்தால் மணமகள் பேச்சு ஓர் அலங்காரம். ஆசை கடவுளின் இயல்பென்றால், மனித ஆசை அதன் பங்கு. எந்த ஆசை கடவுளை நோக்கித் திறக்கிறது, எது மூடுகிறது என்பதே கேள்வி. ஆங்கிலிக்கன் இறையியலாளர் சாரா கோக்லி 2013-இல் வெளியிட்ட நூல் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. பாலைவிட ஆசையே ஆதாரமானது, அமைதிச் செபத்தில் தூய ஆவி நம் ஆசையை உடைத்துத் திருத்தும்போது பால் பற்றிய நம் இறுகிய எண்ணங்களும் சேர்ந்து உடைகின்றன என்பது அவர் வாதம்.

அதற்கு நேர் எதிரே அர்ஜென்டினா இறையியலாளர் மார்செல்லா ஆல்தௌஸ்-ரீடை வையுங்கள். 2000-இல் அவர் கேட்டது: இறையியலாளர் ஆசையைப் பற்றி எழுதும்போது யாருடைய உடம்பு கண்முன் இருக்கிறது? புவனோஸ் ஐரிஸ் தெருவில் எலுமிச்சம்பழம் விற்கிற ஏழைப் பெண்களின் உடம்பா, சுத்தம் செய்யப்பட்ட ஒரு கருத்தா? கோக்லிக்கு ஆசை செபத்தில் திருந்த வேண்டும். ஆல்தௌஸ்-ரீடுக்கு, திருத்தும் உரிமை தனக்குண்டு என்று நினைத்த இறையியல்தான் முதலில் திருந்த வேண்டும். இருவரையும் ஒரே அமர்வில், நாற்பது நிமிடம் ஒருவருக்கு என்று வைத்தால் வட்டம் சூடு பிடிக்கும். ஐந்தாவது அமர்வு இதற்குச் சரியாக இருக்கும், மறைஞானிகளைப் படிக்கும் முன் வேண்டாம். கோட்பாடு முதலில் வந்தால் பிரதியில் அதைத் தவிர வேறெதையும் மாணவர்கள் தேடமாட்டார்கள்.

கேட்டவர்: கார்முகில்

மூவருக்கும் நன்றி. 26-ஆம் மறையுரையும் 1179-ஆம் ஆண்டுச் சட்டமும் என் திட்டத்திலேயே இல்லை, இப்போது சேர்த்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். ரீவோ மடத்து ஏல்ரெடை நான்காம் அமர்வில் வைக்கலாமா? அவரை ‘தன்பாலீர்ப்பாளர்’ என்றே பலர் எழுதுகிறார்கள். மற்றது, நம் ஆட்கள் பராங்குச நாயகியை (நம்மாழ்வார் பெண்ணாகப் பாடும் குரலை) கொண்டுவருவார்கள். அதை எப்படிக் கையாள்வது?

பதில்: ஏழாம்மணி

ஏல்ரெட் கட்டாயம் வேண்டும். 1110 முதல் 1167 வரை வாழ்ந்தவர், யார்க்ஷயர் மடாதிபதி. ஆன்மிக நட்பு பற்றிய நூலில் மூன்று பாகங்கள், உரையாடல் நடை. முதல் பாகத்தில் இவோ என்ற துறவி, யோவான் அன்பைப் பற்றிச் சொன்னதை நட்புக்கும் சொல்லலாமா, ‘கடவுள் நட்பாயிருக்கிறார்’ எனலாமா என்று கேட்பார். ஏல்ரெட் தயங்குவார், வேதத்தில் அப்படி இல்லை என்பார், ஆனால் நட்பில் நிலைத்திருப்பவர் கடவுளில் நிலைத்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்வார். அந்தத் தயக்கத்தோடுதான் வாசிக்க வேண்டும். மேற்கோளாக வெட்டி எடுப்பவர்கள் தயக்கத்தை விட்டுவிட்டு, அவரே உறுதியாகச் சொன்னது போல ஆக்கிவிடுகிறார்கள். மூன்றாம் பாகத்தில் நண்பரை அடையும் நான்கு படிகள் இருக்கின்றன: தேர்வு, சோதனை, ஏற்பு, முழு இசைவு. யாரைத் தேர்ந்தெடுக்கக்கூடாது, எப்போது நட்பை முறிக்கலாம், முறித்த பிறகும் என்ன மரியாதை காக்க வேண்டும் என்று நடைமுறையாகவே எழுதியிருக்கிறார்.

வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்வெல் 1980-இல் அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று படித்தார். அதை மறுத்தவர்களும் உண்டு. என் கருத்து, அந்த விவாதத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். இறந்தவரின் படுக்கையறையைத் துப்பறிவது எளிதில் பொழுதைத் தின்றுவிடும், முடிவும் வராது. இரண்டு மனிதருக்கு நடுவே மூன்றாமவராகக் கிறிஸ்து இருக்கிறார் என்று தொடங்கும் நூல், ஒரு குறிப்பிட்ட மனிதர் மேல் வைக்கும் அன்பைக் கடவுளுக்குப் போட்டியாகப் பார்க்கவில்லை. துறவிகளுக்குத் தனிப்பட்ட நட்பே ஆபத்து என்று நினைத்தவர்கள் நடுவில் எழுதப்பட்டது இது. இன்றைய பால்புதுமைக் கிறிஸ்தவர்களுக்குப் பயன்படுவது அந்த வாதம். அவருடைய பாலீர்ப்பு எதுவாக இருந்தாலும் வாதம் நிற்கும்.

பராங்குச நாயகி பற்றி: வரவேற்கலாம், கடைசி அமர்வில். நம்மாழ்வார் மகளாக, தாயாக, தோழியாகப் பேசுவதற்குப் பின்னால் அகத்திணை மரபு நிற்கிறது. பெர்னார்துக்குப் பின்னால் ஒரு மறைநூலும் அதன் உரை மரபும் நிற்கின்றன. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. ‘எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது’ என்று யாராவது முடித்துவைத்தால் இரண்டுமே தட்டையாகிவிடும். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் நாயகிக் குரலில் வரும் பாசுரங்களில் தலைவனின் பால் குழம்புவதில்லை, பாடுகிறவரின் குரல்தான் மாறுகிறது. பெர்னார்திடம் மணமகனுக்கே மார்பகங்கள் வந்துவிடுகின்றன. ஹாடவெய்க்கிடம் கடவுளே சீமாட்டி. இந்த வித்தியாசத்தைப் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பதில்: தறிநெய்வோர்

ஒரு சேர்க்கை. அமர்வில் யாரையும் ‘உங்கள் அனுபவத்தில் இது எப்படி?’ என்று கேட்காதீர்கள். மாணவரும் பால்புதுமையரும் கலந்த கூட்டத்தில் அந்தக் கேள்வி ஒரு தரப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடும். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கேள்வி எப்போதும் பிரதியைப் பற்றியதாக இருக்கட்டும். தாங்களாகச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்வார்கள்.

ஆறாம் அமர்வில் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண் மறைஞானி நார்விச் ஜூலியனையும் சேர்ப்பதாக இருந்தால், ‘தாயாகிய இயேசு’ வருவது அவருடைய நூலின் நீண்ட பிரதியின் 58 முதல் 63 வரையுள்ள அதிகாரங்களில். குறும்பிரதியில் அந்தப் பகுதியே கிடையாது. நகல் எடுக்கும் முன் கையிலிருப்பது எந்தப் பிரதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 86 அதிகாரம் இருந்தால் நீண்டது, 25 இருந்தால் குறும்பிரதி.